ஜொகூர் பாருவின் குப்பை: டவுன் போர்டு முதல் சட்டம் 672 வரை

'நகரத் தூய்மை' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்: "அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்." எந்த அரசாங்கம்னு கேட்டால் முழிப்பார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. குப்பை அத்தனை கை மாறியிருக்கிறது.

ஜொகூர் பாருவில் முதலில் இது டவுன் போர்டின் வேலை. 1977இல் நகராண்மைக் கழகம் வந்தது; 1994 ஜனவரி 1இல் மாநகர் அந்தஸ்து கிடைத்தது. அந்தக் காலத்தில் மலாயா நகரங்களில் தெருக் கூட்டியவர்களிலும் குப்பை அள்ளியவர்களிலும் தென்னிந்தியர்கள் மிக அதிகம். பாடநூலில் தோட்டத் தொழிலாளி வருவார், ரயில் பாதை போட்டவர் வருவார், இவர் வரமாட்டார். போன வருடம் ஒரு மாணவி, "எங்க தாத்தா கவுன்சில்ல லோங்காங் கூட்டினவரு, அதை எழுதலாமா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள். எழுது என்றேன். அந்த வாரம் வந்ததில் உருப்படியான கட்டுரை அதுதான்.

1997இல் தென் மாநிலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போனது. இடைக்கால ஏற்பாடு என்றார்கள். பதினான்கு வருடம் ஓடியது. 2007இல் இயற்றிய திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பர் 1இல் அமலானபோதுதான், பொறுப்பு ஊராட்சி மன்றத்திலிருந்து மத்திய அரசாங்கத்துக்கு மாறியது. ஜொகூர் சேர்ந்தது, சிலாங்கூர், பினாங்கு, பேராக் சேரவில்லை. ஆகவே வேறு மாநிலத்துக் கட்டுரையை அப்படியே வகுப்பில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் மாணவர்கள் இதே பத்தியில் சேர்ப்பார்கள். அது தொழிற்சாலைக் கழிவு. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வருவது. பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே தரம் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். 2016 ஜூனிலிருந்து பிரிக்காத தரை வீடுகளுக்கு அபராதம், முதல் தடவை 50 ரிங்கிட். பிரிக்காவிட்டால் சோறும் குழம்பும் தாளோடு கலந்து, எதற்கும் உதவாமல் கூலாய் பக்கம் சீலோங் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

உங்கள் வீட்டில் யார் பிரிக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர், "எல்லாம் ஒரே பைதான் டீச்சர்" என்றார்கள்.