யாருடைய உப்பு?

கும்மிடிப்பூண்டிக்கு இன்று போகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு தொழிற்சாலையைத் தேடித்தான் போகிறார்கள். சரித்திரத்தைத் தேடி அங்கே யாரும் போவதாகத் தெரியவில்லை. ஆனால் 1780-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், கர்னல் பெய்லி என்ற கும்பினித் தளபதி சுமார் 2,800 பேர் அடங்கிய படையுடன் குண்டூரிலிருந்து அந்த ஊர் வழியாகத்தான் வந்தார். ஜூலை மாதத்திலேயே ஹைதர் அலி மைசூரிலிருந்து கணவாய் வழியாக இறங்கிக் கர்நாடகத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். காஞ்சீபுரத்தில் தளபதி மன்றோவுடன் சேர்ந்துகொள்ளும்படி பெய்லிக்கு உத்தரவு.

25-ஆம் தேதி படை கொசத்தலை ஆற்றங்கரையை அடைந்தது. ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. விடிந்து கடந்துகொள்ளலாம் என்று எண்ணினாரோ என்னவோ, பெய்லி வடகரையிலேயே கூடாரம் அடித்தார். அன்றிரவு மழை பெய்து வெள்ளம் வந்துவிட்டது! செப்டம்பர் முதல் வாரம் வரையில் அக்கரை போக முடியவில்லை. 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினான். 10-ஆம் தேதி புள்ளலூரில் எல்லாம் முடிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லி சரணடைந்தார், இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீரங்கபட்டணத்துச் சிறையிலேயே இறந்துபோனார்.

இதுவரை பாடப் புத்தகத்தில் உள்ள கதைதான். என் மனத்தை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது.

மைசூர்க்காரர்களிடம் சிக்கிய வெள்ளைக்காரர்களில் இளவயதினர் சிலரைக் கட்டாயமாக மதம் மாற்றி, தங்கள் பட்டாளத்து உடுப்பை மாட்டிவிட்டார்கள். 'சேலா'க்கள் என்று அவர்களுக்குப் பெயர். சீடர்கள் என்று அர்த்தம்! 1782-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து ஹைதரிடம் ஒப்படைத்த ஜேம்ஸ் ஸ்கரி என்ற கப்பல் பையன் அவர்களில் ஒருவன். சுமார் பத்து வருஷம் கழித்துத் தப்பி வந்தபோது அவனுக்கு நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை, கத்தியும் முள்ளும் பிடிக்க வரவில்லை, தாய்மொழியே தடுமாறிற்று. அவனுடைய கதை 1824-ல் லண்டனில் புத்தகமாக வந்தது.

கட்டாயத்தினால் உடுப்பு மாற்றியவனுக்காக ஊர் கண்ணீர் விடும். தானாக மாற்றிக்கொண்டவனை என்ன செய்யும்?

1752-ல் சமயபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். கும்பினிப் படையை விட்டு ஓடிப் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்த சிலர், "நாங்கள் உங்கள் ஆட்கள்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, இரவோடிரவாகக் கிளைவின் முகாமுக்குள் புகுந்துவிட்டார்கள். விடிந்ததும் கோவிலுக்குள் சிக்கிக்கொண்டார்கள். சமாதானம் பேச வந்த கிளைவை நோக்கி அவர்களுடைய ஐரிஷ்காரத் தலைவன் சுட்டான். குறி தப்பி, கிளைவைத் தாங்கி நின்ற இரண்டு சார்ஜெண்டுகள் விழுந்தார்கள். உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர்களே அந்தச் செயலைக் கண்டு வெட்கி, "இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று உடனே சரணடைந்தார்கள். கட்சி மாறியவனைச் சேர்த்துக்கொண்டவன்கூட அவனை மதிப்பதில்லை, பார்த்தீர்களா?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கும்பினிச் சிப்பாய்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மைசூரில் சிறைப்பட்ட நம் நாட்டுச் சிப்பாய்களில் பலர், உத்தியோகம் தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டு, கஷ்டங்களை அனுபவித்தார்கள்.

அந்த விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. அந்த உப்பு யாருடைய உப்பு? 1763-ல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிக்குக் கொடுத்த செங்கற்பட்டு ஜாகீரில்தான் பொன்னேரிப் பக்கத்து நிலங்களும் இருந்தன. இங்கே ரயத்து நாற்று நட்டு, அறுத்து, கட்டிய வரிதான் நவாபு கை வழியாகக் கும்பினியின் கஜானாவுக்குப் போய், சிப்பாயின் சம்பளமாக வந்தது. அப்படியானால் சிப்பாய்க்கு உப்பிட்டவன் ரயத்து அல்லவா? அந்த ரயத்துக்கு என்ன கிடைத்தது? ஹைதரின் குதிரைப் படை ஜாகீர் கிராமங்களைக் கொளுத்தியது. பின்னாலேயே பஞ்சம் வந்தது. ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்து கஞ்சித் தொட்டி முன் நின்றார்கள். மணியக்காரர் சத்திரம் அந்தப் பஞ்சத்தில் பிறந்ததுதான். எந்த உடுப்புக்காரன் எந்தப் பக்கம் மாறினான் என்று விசாரிக்க அவர்களுக்கு எங்கே அவகாசம்?

அந்தக் கேள்விக்கு 165 வருஷம் கழித்து ஜனங்கள் தாங்களே பதில் சொன்னார்கள். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பல்லாயிரம் பேர், பிரிட்டிஷ் அரசருக்குச் செய்த சத்தியத்தை விட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களும் பல்லாயிரம் பேர். ஜப்பானியரின் முகாம்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என்ற மூன்று அதிகாரிகளைச் செங்கோட்டையில் விசாரித்தபோது தேசமே கொதித்தெழுந்தது. ஆயுள் தண்டனை விதித்துவிட்டு, 1946 ஜனவரி 3-ஆம் தேதி அதைப் பிரதம சேனாதிபதியே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சட்டம் துரோகம் என்று சொன்னதை ஜனங்கள் தேசபக்தி என்றார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சுதந்திரம் வந்த பிறகு அந்த வீரர்களை நம் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருமுறை சத்தியத்தை மீறியவர்கள் ராணுவக் கட்டுப்பாட்டுக்கு ஆகமாட்டார்கள் என்ற பயந்தான் காரணம். கழுத்தில் மாலை போட்ட தேசம் கையில் துப்பாக்கி கொடுக்கத் தயங்கியது. மறுத்து முகாமில் வாடியவர்களுக்கோ மாலையும் இல்லை.

சிப்பாய் உடுப்பு மாற்றினான் என்ற செய்தி வரும்போதெல்லாம் வீரன் என்றோ துரோகி என்றோ ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன் அவன் தின்ற உப்பு எந்த வயலிலிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். கொசத்தலை ஆற்றங்கரை வயல்காரனை அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டு பட்டாளமும் என் வரப்பை விட்டு இறங்கினால் போதும் என்றுதான் சொல்லியிருப்பான்.