எட்டாயிரம் பைட்டும் ஒரு குறிப்பேடும்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரகடம் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்ததுண்டா? தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திருப்பெரும்புதூர் வரை நீளும் அந்தத் தடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கைப்பேசிகளும் உருவாகின்றன. பேருந்தில் அமர்ந்திருக்கும் இளைஞரின் சட்டைப் பையிலும் ஒரு கைப்பேசி இருக்கும். அதன் சில்லுக்குள் முதன்மை நினைவகத்தைத் தவிர, ‘கேஷ்’ எனப்படும் சிறிய நினைவகம் ஒன்றும் உண்டு.

“ஒரு நினைவகம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேட, இங்கிருந்து வடக்கே சென்னைக்குச் சென்று, 1973ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம்.

காந்த வளையங்கள்

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கப்பட்டது சென்னை ஐ.ஐ.டி. அங்கே 1973இல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. மாணவர்கள் தங்கள் கணக்குகளை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்காகக் காத்திருப்பார்கள். ஒரே இயந்திரம், பலருடைய கணக்குகள்! அதன் நேரம் ஒவ்வொரு நொடியும் பொன் போன்றது அல்லவா?

அந்த இயந்திரத்தின் முதன்மை நினைவகம் மிகச் சிறிய ஃபெரைட் வளையங்களால் ஆனது. வளையம் ஒரு திசையில் காந்தமானால் 1, எதிர்த்திசையில் ஆனால் 0. படிக்க வேண்டுமானால் மின்னோட்டம் செலுத்தி வளையத்தை 0 நிலைக்குத் தள்ள வேண்டும். அது 1 ஆக இருந்திருந்தால் காந்தத் திசை புரளும். அருகே ஓடும் கம்பியில் மின்தூண்டலால் ஒரு துடிப்பு எழும். ஃபாரடே கண்ட அதே விதிதான். ஆனால் படித்தவுடன் செய்தி அழிந்துபோகுமாதலால், அதைத் திரும்ப எழுதியாக வேண்டும். இவ்வளவும் முடிய ஏறத்தாழ 2 மைக்ரோ வினாடி ஆகும். கணக்குப் போடும் பகுதியின் ஒரு சுற்றோ 115 நானோ வினாடிதான். ஒரு முறை நினைவகத்தைக் கேட்டால் பதினெட்டுச் சுற்றுகள் வீணாகும்!

வில்க்ஸ் காட்டிய வழி

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ். 1949இல் எட்சாக் கணிப்பொறியை இயங்கச் செய்தவர் இவரே. 1965இல் இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றில், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான ‘ஸ்லேவ்’ நினைவகம், அதாவது ஏவலாள் நினைவகம், ஒன்றை வைக்கலாம் என்றார். 1968இல் ஐ.பி.எம். அறிவித்த 360/85 கணிப்பொறியில் இக்கருத்து வணிக உருவம் பெற்றது. ‘வேக இடைநினைவகம்’ என்ற நீண்ட பெயருக்குப் பதிலாக, ஒளித்துவைக்கும் இடம் என்று பொருள்படும் ‘கேஷ்’ என்ற சொல்லை அந்நிறுவன ஆய்விதழின் ஆசிரியர் லைல் ஜான்சன் முன்மொழிந்தார்.

சென்னைக்கு வந்த 155 வகையிலும் இந்த ஏற்பாடு இருந்தது. அதன் கேஷ் 8,192 பைட்டுகள் மட்டுமே.

இவ்வளவு சிறியது எப்படி உதவும்? நெடுஞ்சாலை ஓரத்து உதிரிபாகக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கேட்கப்படும் பொருள்களைக் கடைக்காரர் கையெட்டும் அலமாரியில் வைப்பார். மற்றவை பின்கட்டுக் கிடங்கில் இருக்கும். கணிப்பொறி நிரலும் அப்படியே, சற்று முன் தொட்டதையும் அதற்கு அடுத்ததையுமே பெரும்பாலும் மீண்டும் கேட்கிறது. கேஷிலிருந்து எடுக்க 230 நானோ வினாடி, முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க 2,070 என்று கொள்வோம். பத்தில் ஒன்பது முறை கேஷிலேயே கிடைத்தால் சராசரி நேரம் 414 நானோ வினாடி. ஐந்து மடங்கு வேகம்!

குறிப்பேடு இல்லாமல் பயன் இல்லை

ஆனால் அலமாரியில் இருப்பது எந்தப் பொருள் என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். கேஷில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும், ‘இது முதன்மை நினைவகத்தின் இந்த இடத்துக்கு உரியது’, ‘இது செல்லும்’ என்ற குறிப்புகள் தேவை. தரவைப் பற்றிய தரவாகிய இதனை இன்று ‘மெட்டாடேட்டா’ என்கிறோம்.

குறிப்பேட்டுக்கும் இடம் வேண்டுமே! கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதன்மை நினைவகம் 1 மெகாபைட், கேஷ் 8 கிலோபைட். அப்படியானால் கேஷின் ஓர் இடத்துக்கு 128 பேர் போட்டியிடுகிறார்கள். வந்திருப்பவர் யார் என்று குறிக்க 7 பிட்டுகள். செல்லுமா, செல்லாதா என்பதற்கு ஒரு பிட். ஆக 8 பிட்டுகள். பைட்டுக்கு ஒரு குறிப்பு என்று வைத்தால் 8 கிலோபைட் சரக்குக்கு 8 கிலோபைட் குறிப்பேடு! நூறு பக்கப் புத்தகத்துக்கு நூறு பக்கப் பொருளடக்கம் போன்றது இது. 32 பைட்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக் கட்டுக்கு ஒரு குறிப்பு என்றால், 256 பைட்டுகளே போதும். கேஷ்கள் பைட் பைட்டாக அல்லாமல் கட்டுக்கட்டாக நிரப்பப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழைய பிரதி என்னும் ஆபத்து

ஒரே செய்தி இரண்டு இடங்களில் இருந்தால் ஓர் ஆபத்தும் வருகிறது. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிட்டால்? 155 வகை இதற்கு நேரான வழியைக் கையாண்டது: எழுதும் போதெல்லாம் முதன்மை நினைவகத்திலும் எழுதிவிடும். இதில் காலம் செலவாகும். எனவே பின்னாளில் பல கணிப்பொறிகள் கேஷில் மட்டும் எழுதி, ‘இது மாறியிருக்கிறது’ என்று குறிப்பேட்டில் இன்னொரு பிட்டைப் போட்டு, முதன்மை நினைவகத்தைப் பிறகு திருத்தின. வேகம் கூடியது, குறிப்பேட்டின் பொறுப்பும் கூடியது. இன்றைய கைப்பேசிச் சில்லில் பல செயலிகள் இருக்கின்றன. ஒன்றின் கேஷில் உள்ள பிரதி இன்னொன்றால் பழையதாகிவிட்டதா என்றும் கவனித்தாக வேண்டும். ஒரு குறிப்பு பிசகினால், தவறான விடையை அதிவேகமாகப் பெறுவோம்!

இதே பாடத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். செய்முறைத் தேர்வு மதிப்பெண்களைப் பென் டிரைவில் பதித்து, அவசரத்தில் அப்படியே பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அங்கே திறந்தால் கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. குறிப்பேட்டில் பதிவு ஏறிவிட்டது, சரக்கு இன்னும் கணிப்பொறியின் நினைவகத்திலேயே காத்திருந்தது. அன்றிரவு அறுபது மாணவர்களின் விடைத்தாள்களை மீண்டும் புரட்டினேன்.

ஆகவே அடுத்த முறை பென் டிரைவைக் கழற்றும் முன், ‘பாதுகாப்பாக அகற்று’ என்ற கட்டளையைக் கொடுத்துச் சற்றே பொறுங்கள். சரக்கும் குறிப்பேடும் ஒத்துப்போக அந்த நேரம் வேண்டும்.