காடேறிய பன்றிகளும் அமெரிக்க வேட்டைச் சட்டங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் இன்று 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் உரிமையாளர் எவருமின்றித் திரிகின்றன. பன்றி அந்த நாட்டுக்கு உரிய விலங்கு அல்ல. கப்பலில் வந்த வீட்டுப்பன்றிகளும், பின்னாளில் வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட காட்டுப்பன்றிகளும் கலந்து உருவான கூட்டம் இது. இவை யாவும், நம் ஊர்க் காட்டுப்பன்றி உட்பட, சூஸ் ஸ்க்ரோஃபா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே தடையின்றி இணை சேர்கின்றன. மனிதர் பிடியிலிருந்து விலகிக் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிய வளர்ப்பு விலங்கை இக்கட்டுரை 'காடேறிய' விலங்கு என்று குறிப்பிடுகிறது.

பயிரை அழிக்கும் விலங்கை ஒழிக்க வேட்டையைத் திறந்துவிட்டால் போதும் என்பது எளிதில் தோன்றும் எண்ணம். அமெரிக்க வரலாறு அதற்கு மாறான சான்றையே தருகிறது. இப்பன்றிகளைப் புதிய மாநிலங்களுக்குக் கொண்டு சேர்த்ததில் வேட்டை ஆர்வத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பன்றியை முற்றாக ஒழித்த மாநிலங்களில் சில, அதற்கு வழியாகப் பன்றி வேட்டையையே தடைசெய்தன.

கப்பலில் வந்தவை

1493இல் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தில் கேனரித் தீவுகளிலிருந்து எட்டுப் பன்றிகளை இசுப்பானியோலா தீவுக்குக் கொண்டு சென்றதாக லாஸ் காசஸ் எழுதியுள்ளார். அவற்றின் வழிவந்தவை விரைவில் காடேறின. பதினேழாம் நூற்றாண்டில் அத்தீவின் காட்டு மாடுகளையும் பன்றிகளையும் வேட்டையாடி, 'புக்கான்' என்ற மரச்சட்டத்தில் இறைச்சியைப் புகையிட்டு விற்றவர்களே 'புக்கனியர்' எனப்பட்டனர். கடற்கொள்ளையரைக் குறிக்கும் சொல்லாக அது மாறியது பிறகுதான்.

வட அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பன்றியைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் எசுப்பானியப் படைத்தலைவர் எர்னான்டோ டி சோட்டோ. 1539இல் ஃபுளோரிடாவில் இறங்கிய அவர், நடமாடும் உணவுக் கிடங்காகப் பன்றிகளைப் படையோடு ஓட்டிச் சென்றார். 13 பெண் பன்றிகளில் தொடங்கிய மந்தை, 1542இல் அவர் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இறந்தபோது ஏறத்தாழ 700 ஆகியிருந்தது. வீரர்கள் அவற்றை ஏலத்தில் எடுத்தனர். விலையைத் தங்கம் கிடைத்ததும் தருவதாகப் பேச்சு. தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை.

மந்தை இவ்வளவு வேகமாகப் பெருகியது வியப்பல்ல. பன்றியின் சினைக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றில் சராசரியாக ஐந்து, ஆறு குட்டிகள். ஒரு வயது நிரம்பும் முன்பே பெண் குட்டி தாயாகக்கூடும். பின்னாளில் வகுக்கப்பட்ட ஒழிப்புத் திட்டங்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் தோற்றன.

வேலி யார் பொறுப்பு?

ஆங்கிலேயர் குடியேறிய தென்பகுதிகளில் பன்றி வளர்ப்புக்குத் தொழுவம் தேவைப்படவில்லை. காட்டில் விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரங்களிலிருந்து உதிரும் கொட்டைகளைத் தின்று பன்றி கொழுக்கும். குளிர் தொடங்கியதும் பிடித்து அறுத்து, உப்பிட்டுப் புகையிட்டு ஆண்டு முழுதும் உண்பார்கள். சட்டமும் இதற்கு ஏற்ப இருந்தது: வேலி போட வேண்டியவர் பயிரிடுபவர், விலங்கு வளர்ப்பவர் அல்லர். வேலியற்ற நிலத்தில் பன்றி மேய்ந்தால் நட்டம் நிலத்துக்காரருக்கே. மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர்மாறானது.

எந்தப் பன்றி யாருடையது என்பதைக் காதில் வெட்டிய குறி காட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெட்டுக்குறி. அது கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் நீதிமன்றத்தில் பதியப்பட்டிருக்கும். கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா எல்லையில் ஆட்ஃபீல்டு, மெக்காய் குடும்பங்களுக்கு இடையே நடந்த பேர்பெற்ற பகையில் 1878ஆம் ஆண்டின் பன்றி வழக்கு ஒரு திருப்பம். தம் பன்றியை ஃபிளாய்டு ஆட்ஃபீல்டு திருடிவிட்டார் என்று ராண்டால்ஃப் மெக்காய் வழக்குத் தொடுத்தார். சான்றாக நின்றது காதுக்குறி. நடுவர் குழுவில் இரு குடும்பத்தாரும் ஆறு ஆறு பேர். தீர்ப்பு மெக்காய்க்கு எதிராகப் போனது. காட்டில் விட்ட பன்றி ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று.

1861–65 உள்நாட்டுப் போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பருத்தி நிலம் விரிவடைந்தது. வேலிக்கான மரமும் செலவும் பெருநிலக்காரர்களுக்குச் சுமையாயின. விலங்கை அடைத்து வளர்ப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தை மாற்றக் கோரினர். ஜார்ஜியா 1872இல் ஒவ்வொரு கவுண்டியும் வாக்கெடுப்பின் மூலம் இதை முடிவு செய்யலாம் என்று சட்டம் இயற்றியது. சொந்த நிலமற்ற வெள்ளையரும், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பினத்தவரும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பொதுக்காட்டு மேய்ச்சல் போய்விட்டால் அவர்களால் ஒரு பன்றிகூட வளர்க்க முடியாது. பண்ணையாரிடம் கூலிக்கு நிற்பதைத் தவிர வழியிருக்காது. பன்றிச் சிக்கலைப் பேசும் நூல்கள் இந்தப் போராட்டத்தை ஓரிரு வரியில் கடந்துவிடுவது முறையன்று. வேலிச் சட்டம் கவுண்டி கவுண்டியாகப் பல பத்தாண்டுகள் நகர்ந்து, ஃபுளோரிடாவில் மாநிலம் முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது 1949இல்தான். அடைக்கச் சொன்னபோது பிடிபடாத பன்றிகள் சதுப்பு நிலங்களிலும் ஆற்றோரக் காடுகளிலும் தங்கிவிட்டன. காதுக்குறி இல்லாத அவற்றின் குட்டிகளுக்கு உரிமை கோர எவரும் இல்லை.

செல்வந்தர்களின் வேட்டைக்காடு

இரண்டாவது அலை வேறு வகை. இரயில்பாதை முதலாளி ஆசுட்டின் கார்பின் 1890ஐ ஒட்டி நியூ ஆம்ப்சயரில் தனியார் வேட்டைக்காடு ஒன்றை அமைத்து, ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்குமதி செய்தார். 1912இல் ஜார்ஜ் கார்டன் மூர் என்பவர் வட கரோலினாவின் ஊப்பர் பால்டு மலையில் மரவேலி அடைத்து, சுமார் ஒரு டஜன் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை விட்டார். ஏறத்தாழ பத்தாண்டுகள் அவை உள்ளே பெருகின. பிறகு நாய்களோடு நடந்த ஒரு பெருவேட்டையில், பன்றிகள் நாய்களைக் குத்திக் கிழித்து, வேலியை முட்டி உடைத்து மலைகளுக்குள் ஓடின. 1940களின் இறுதியில் அவற்றின் வழிவந்தவை கிரேட் சுமோக்கி மலைத் தேசியப் பூங்காவை அடைந்தன.

மூர் 1920களில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது சில பன்றிகளை உடன் கொண்டுசென்று, மான்டரே பகுதியிலிருந்த தம் பண்ணையில் விட்டார். அவை அங்கிருந்த காடேறிய பன்றிகளோடு கலந்தன. 1930களில் டெக்சசின் பண்ணையாளர்களும் இதையே செய்தனர்.

1982இல் 17 மாநிலங்களில் இருந்த காடேறிய பன்றிகள், அடுத்த முப்பது ஆண்டுகளில் 38 மாநிலங்களில் காணப்பட்டன. பன்றி தன் காலால் நடந்து இவ்வளவு தொலைவு பரவாது. பொறிவைத்து உயிரோடு பிடித்து, வண்டியில் ஏற்றி, வேட்டைக்குப் பன்றி இல்லாத ஊரில் இறக்கிவிட்டார்கள். மரபணு ஆய்வுகளும் இதை உறுதி செய்தன.

டென்னசியில் நடந்தது

காடேறிய பன்றி ஒரே இரவில் விதைத்த மக்காச்சோளத்தை வரிசை பிடித்துத் தோண்டித் தின்றுவிடும். புல்வெளியை உழுததுபோல் கிளறிப்போடும். புரூசெல்லோசிசு முதலிய நோய்களையும் சுமக்கிறது. 2006இல் பசளிக்கீரை வழியாகப் பரவி மூவர் உயிரைப் பறித்த ஈ. கோலைக் கிருமி, மான்டரேக்கு அடுத்த சான் பெனிட்டோ கவுண்டியில் மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிகளிலும் கண்டறியப்பட்டது.

இத்தகைய இழப்புகளுக்கு அஞ்சிய டென்னசி மாநிலம் 1999இல் ஒரு முடிவெடுத்தது. மாநிலம் முழுவதும் பன்றி வேட்டைக்கு அனுமதி. எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். அப்போது பன்றிகள் கம்பர்லாந்து மேட்டுநிலத்தை ஒட்டிய பதினைந்து கவுண்டிகளில் அடங்கியிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தமுள்ள 95 கவுண்டிகளில் ஏறக்குறைய 80இல் பன்றிகள் தென்பட்டன. எங்கும் வேட்டையாடலாம் என்றதும், எங்கும் பன்றி இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. 2011இல் மாநில வனவிலங்குத் துறை பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்து நீக்கியது. நிலத்துக்காரர் தம் நிலத்தைக் காக்கப் பன்றியைக் கொல்லலாம், பொழுதுபோக்கு வேட்டை கூடாது என்று விதித்தது.

வேட்டை தோற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாய்ப் பன்றிகளும் குட்டிகளும் சேர்ந்து கூட்டமாக வாழ்பவை. ஒன்றிரண்டைச் சுட்டால் எஞ்சியவை சிதறி, இரவில் மட்டும் நடமாடப் பழகி, துப்பாக்கியையும் பொறியையும் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. டெக்சஸ் ஆய்வாளர்களின் கணக்குப்படி, எண்ணிக்கை கூடாமல் நிறுத்தவே ஆண்டுதோறும் ஏறத்தாழ 66 விழுக்காட்டை அகற்ற வேண்டும். அங்கு வேட்டை, பொறி எல்லாம் சேர்ந்தும் அகற்றப்பட்டது அதில் பாதிகூட இல்லை என ஒரு மதிப்பீடு காட்டியது.

எனவே கூட்டத்தை முழுதாகப் பிடிப்பதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை. வட்டமாகக் கம்பிவலைப் பட்டி அமைத்து, கதவைத் திறந்தே வைத்து, பல நாள் மக்காச்சோளம் போட்டுப் பழக்குவார்கள். கேமரா வழியே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்து, கடைசிப் பன்றியும் உள்ளே வந்த பிறகே கதவை விழச் செய்வார்கள். பொறுமையும் நாட்களும் கேட்கும் வேலை. துப்பாக்கி தரும் கிளர்ச்சி இதில் கிடையாது.

கான்சசு 2006இலேயே பொழுதுபோக்குப் பன்றி வேட்டையைத் தடைசெய்தது. நியூயார்க் 2014இல் தடைசெய்து, 2016இல் பன்றி ஒழிந்ததாக அறிவித்தது. கொலராடோ 2020இல் அதே அறிவிப்பை வெளியிட்டது. இங்கெல்லாம் எண்ணிக்கை சிறிதாக இருந்தபோதே வேலை தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகும் ஒழித்த இடம், கலிபோர்னியக் கடலோரத்தின் சான்டா குரூசு தீவு. பன்றிக்குட்டிகளை உண்ண வந்த பொன்னிறக் கழுகுகள் தீவுக்கே உரிய சிறு நரிகளையும் கொன்றதால், நரிகள் நூறுக்கும் கீழே குறைந்திருந்தன. தீவை வேலிகளால் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் காலி செய்தனர். எஞ்சியவற்றைக் கண்டுபிடிக்க, வானொலிப் பட்டை கட்டிய பன்றிகளை விட்டுப் பின்தொடர்ந்தனர். 2005–06இல் அகற்றப்பட்டவை 5,036 பன்றிகள். நரிகள் மீண்டன.

டெக்சஸ்: நட்டமும் வருவாயும்

கூட்டரசின் வேளாண்மைத் துறை 2014இல் 2 கோடி டாலர் ஒதுக்கீட்டில் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் இருபது இலட்சத்துக்கும் மேல் பன்றிகள் உள்ள டெக்சசில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. பன்றியால் சோளத்தை இழக்கும் உழவரின் பக்கத்து நிலத்தில், அதே பன்றியைச் சுட வருபவரிடம் கட்டணம் வாங்கும் பண்ணையாளர் இருக்கிறார். சில இடங்களில் இருவரும் ஒருவரே. 2011இல் உலங்கூர்தியிலிருந்து பன்றி சுடுவதற்கு இடங்களை விற்க மாநிலம் அனுமதித்தது. 2017இல் வெப்பக்காற்றுப் பலூன்களுக்கும் அனுமதி கிடைத்தது.

அதே 2017இல் மாநில வேளாண்மை ஆணையர் சிட் மில்லர், வார்ஃபரின் கலந்த நஞ்சு இரைக்கு ஒப்புதல் அளித்தார். வேட்டைக்காரர்களும் காட்டுப்பன்றி இறைச்சியைப் பதப்படுத்தும் நிறுவனமும் எதிர்த்தனர். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில வாரங்களில் தயாரிப்பாளரே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். நஞ்சுண்ட பன்றியைத் தின்னும் பிற விலங்குகள் குறித்த கவலை அதில் உண்மையானது. கைவிட்டுப் போகும் இறைச்சி வணிகம் குறித்த கவலையும் அதே அளவு உண்மையானது. 2019இல் டெக்சஸ் மேலும் ஒரு சட்டம் இயற்றியது: நிலத்துக்காரரின் அனுமதி இருந்தால், தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை.