தவறணை முதல் பாடசாலை வாசல் வரை

மாணவரிடையே போதைப்பொருட் பாவனை பரவுகின்றது என்னும் கவலைக்குரல் இன்று நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் எழுகின்றது. பெற்றோர் கலங்குகின்றனர், அதிபர்கள் புத்தகப் பைகளைச் சோதிக்கின்றனர், மேடைகளில் ஒழுக்கத்தின் வீழ்ச்சி பற்றிய பிரசங்கங்கள் நடக்கின்றன. "காலம் கெட்டுவிட்டது, பிள்ளைகள் கெட்டுவிட்டனர்" என்பதே இப்பிரசங்கங்களின் சாரம். ஆனால், காலம் தானாகக் கெடுவதில்லை. ஒரு சமுதாயத்தில் ஒரு பண்டம் பரவுகின்றதென்றால், அதனை உண்டாக்குவோர் யார், விற்போர் யார், அதனால் இலாபமடைவோர் யார் என்னும் வினாக்களை எழுப்புவதே வரலாற்று நோக்காகும். இவ்வினாக்களை விடுத்துப் பதினைந்து வயதுச் சிறுவனொருவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. எளிதாயிருப்பதனாலேயே அது அடிக்கடி நிகழ்கின்றது.

மது தமிழருக்குப் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலே, அவன் கள்ளைத் தன்னைச் சூழ்ந்தோருடன் பகிர்ந்துண்ட செய்தி பேசப்படுகின்றது. திருக்குறளோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தது. விருந்தாகப் பகிரப்பட்ட கள்ளும், அறநூலார் கடிந்த கள்ளும் நம் இலக்கியத்தில் அருகருகே உள்ளன. எனினும், அக்காலத்துக் கள்ளுக்கும் பிற்காலத்துச் சாராயத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஓர் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் முக்கிய வருவாய் இனமாக மது இடம்பெறுவது குடியேற்றநாட்டு ஆட்சியின் வரலாற்றோடு இணைந்த செய்தியாகும்.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலேயே வேரூன்றியிருந்த சாராயக் குத்தகை முறையினை ஆங்கிலேயர் தம் ஆட்சியில் விரிவாக்கினர். ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் தனியுரிமையை ஏலத்தில் விட்டு, கூடிய தொகை கேட்பவனுக்கு அதனை வழங்குவதே அம்முறை. ஏலத்தில் எடுத்தவன் போட்ட பணத்தை மீட்க வேண்டும். மீட்பதற்கு விற்பனை பெருக வேண்டும். விற்பனை பெருகுவதற்குக் குடிப்போர் தொகை பெருக வேண்டும். இவ்வாறு, குடிப்பழக்கத்தைப் பரப்புவதில் அரசுக்கும் குத்தகைக்காரனுக்கும் பொது நலன் உருவாயிற்று. 1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னர் மலைநாட்டில் பெருந்தெருக்கள் போடப்பட்டன. கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றின் பின்னே தவறணைகளும் சென்றன. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன, அவ்வர்க்கத்தின் ஆதி மூலதனம் பெருமளவு சாராயக் குத்தகையிலே திரண்டதென்பதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பிற்காலத்தில் தோட்டங்களுக்கும் மாளிகைகளுக்கும் உரிமையாளராய்த் திகழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் செல்வத்தில் தவறணையின் வாடை உண்டு.

இதனால் மிகுதியும் வதையுண்டவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். தென்னிந்தியாவிலிருந்து கடன்பட்டு வந்து, லயன் அறைகளில் அடைபட்டு, குளிரிலும் மழையிலும் உழைத்த அம்மக்களுக்கு வாசகசாலை கிடைக்கவில்லை. நல்ல பாடசாலை கிடைக்கவில்லை. தோட்டத்தின் எல்லையிலே தவறணை மட்டும் கிடைத்தது. உழைப்புக்குக் கொடுத்த கூலியின் ஒரு பகுதி, குத்தகைப் பணமாகவும் வரியாகவும் மேலேயே திரும்பிச் சென்றது. பின்னர் அத்தொழிலாளியையே "குடிகாரன்" என்று இகழ்ந்தனர். போதையின் வரலாற்றில் இந்த இகழ்ச்சி மிக முக்கியமான ஓர் அம்சம். இலாபம் ஓரிடத்திலும் பழி இன்னோரிடத்திலும் சென்று சேர்வதற்கு இதுவே வழி செய்கின்றது.

இதற்கு எதிர்ப்பு எழாமலில்லை. 1904ஆம் ஆண்டளவில் தென்னிலங்கையிலே மதுவொழிப்புச் சங்கங்கள் தோன்றின. 1912இல் மதுவரி முறை மாற்றியமைக்கப்பட்டு, கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் திறக்கப்பட்டபோது இயக்கம் மீண்டும் கொழுந்துவிட்டெரிந்தது. டி. பி. ஜயதிலக்க, எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மதுவொழிப்புச் சங்கங்களை இராசத்துரோகக் கூட்டங்களெனச் சந்தேகித்த ஆட்சியாளர் இத்தலைவர்களைச் சிறையிலடைத்தனர். மதுவை எதிர்ப்பது ஆட்சியை எதிர்ப்பதாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. தவறணை வருமானம் அவ்வாட்சியின் தூண்களில் ஒன்றாய் இருந்தமையை நோக்கும்போது, அச்சந்தேகம் முற்றிலும் பொருளற்றதன்று.

ஆயினும் இவ்வியக்கத்தின் முரண்பாட்டையும் நாம் காணத் தவறலாகாது. சாராயத்தால் செல்வந்தரான வர்க்கத்திலிருந்தே சாராயத்தை எதிர்த்த தலைவர்களுட் பலர் வந்தனர். அவர்களது நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால், குடியைத் தனிமனிதனின் ஒழுக்கக் கேடாகவே அவர்கள் பெரிதும் கண்டனர். சத்தியம் செய்து கொடுத்தால் போதுமென்றும், சமய உணர்வு வளர்ந்தால் தவறணை தானே மூடப்படுமென்றும் நம்பினர். தொழிலாளியின் கூலி, வீடு, வேலைநேரம், ஓய்வு ஆகியவை அவர்களது பேச்சில் இடம்பெற்றது அரிது.

வடக்கிலே 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த அமைப்பு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அவ்விலங்கைப் பயணத்திலே மதுவின் தீமைபற்றியும் அவர் பேசினார். வாலிபர் காங்கிரஸின் சிறப்பு யாதெனில், இளைஞரை அது உபதேசம் கேட்கும் கூட்டமாகக் கருதவில்லை. சாதிக் கொடுமையை எதிர்க்கவும், நாட்டு விடுதலையைச் சிந்திக்கவும் வல்ல மனிதராக அவர்களை மதித்தது. ஓர் இளைஞனுக்குச் செய்வதற்குப் பெருமையான பணியொன்று இருக்குமாயின், மயக்கத்தை நாடும் தேவை அவனுக்குக் குறையும் என்னும் உண்மையினை நாம் இதிலிருந்து பெறலாம்.

விடுதலைக்குப் பின்னர் காட்சி மாறிற்று, அடிப்படை மாறவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதையொட்டிய ஆண்டுகளிலே ஹெரோயின் இந்நாட்டு நகரங்களிற் பரவலாயிற்று. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அதே ஆண்டிலே, குறிப்பிட்ட அளவு ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனை விதிக்கவும் சட்டம் திருத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களையும் மதுவையும் விற்பதைத் தடை செய்தது. 2022இல் "ஐஸ்" எனப்படும் போதைப்பொருளும் மரண தண்டனைக்குரிய பட்டியலிற் சேர்ந்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கையிலே சில வாரங்களுள் பல்லாயிரவர் கைதாயினர். அதன் முறைகளை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்களும் கண்டித்தனர்.

இவ்வளவு கடுமையான சட்டங்கள் நாற்பது ஆண்டுகளாக இருந்தும், போதை பாடசாலை வாசலுக்கு எவ்வாறு வந்தது? கைதாகும் பல்லாயிரவருள் பெரும்பாலோர் சேரிகளையும் வறிய கிராமங்களையும் சேர்ந்த சிறு பாவனையாளர்களாகவும் சில்லறைக் காவிகளாகவும் இருக்கும்வரை, சந்தை அழியாது. ஆட்கள் மட்டுமே மாறுவர். மறுபுறத்தில், சட்டபூர்வமான சிகரெட்டும் சாராயமும் அரசின் வருவாயைத் தொடர்ந்து தாங்கி நிற்கின்றன. ஒரு கை வரியை வாங்குகின்றது. மறு கை உபதேசப் பலகையை நாட்டுகின்றது. தவறணைக் குத்தகைக் காலத்தின் இரட்டை நிலை இன்னும் மறையவில்லை.

பிறநாட்டு அநுபவங்களும் நமக்கு உதவும். ஐக்கிய அமெரிக்காவில் 1971இல் நிக்ஸன் போதைக்கெதிரான போரை அறிவித்தார். 1983இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸார் "டெயார்" என்னும் திட்டத்தைத் தொடங்கினர். சீருடையணிந்த பொலிஸார் வகுப்பறைக்கு வந்து போதையின் கேட்டை விளக்கினர், மாணவர் உறுதிமொழி எடுத்தனர், சான்றிதழ் பெற்றனர். காலப்போக்கிலே அந்நாட்டின் பாடசாலை மாவட்டங்களுட் பெரும்பான்மையானவற்றில் இத்திட்டம் பரவிற்று. ஆனால், ஆய்வாளர் பலர் அதனைப் பரிசீலித்தபோது, அதிற் கற்ற மாணவருக்கும் கல்லாத மாணவருக்கும் போதைப் பாவனையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2003இல் அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமும் இதே முடிவை வெளியிட்டது. பிற்காலத்தில் அப்பாடத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. சிறு தவறுக்கும் மாணவரை வெளியேற்றும் "சற்றும் பொறாமை" என்னும் கொள்கையினை ஆராய்ந்த அமெரிக்க உளவியற் சங்கக் குழுவும், அதனாற் பாடசாலைகள் பாதுகாப்படைந்தன என்பதற்குச் சான்றில்லை என்று 2008இல் வெளியான அறிக்கையிற் கூறிற்று. அச்சுறுத்தலும் உறுதிமொழியும் வெளியேற்றமும் செல்வம் மிக்க நாட்டிலேயே பயன்தரவில்லை. அவற்றையே நாம் இங்கு இறக்குமதி செய்வது அறிவுடைமையாகுமா?

இதற்கு மாறான உதாரணம் ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயது மாணவருள் 42 விழுக்காட்டினர் முந்திய ஒரு மாதத்தில் குடித்து வெறித்ததாகக் கூறினர். 2016இல் அத்தொகை 5 விழுக்காடாகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கு இறங்கினர். அவர்கள் செய்தது யாது? மாணவரிடம் ஒழுங்காக ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை அந்தந்த ஊருக்கும் பாடசாலைக்கும் விரைவில் திருப்பிக் கொடுத்தனர். விளையாட்டு, இசை, நடனம் முதலியவற்றிற்கு அரசு பணம் ஒதுக்கிற்று. வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அவற்றிற் சேர வழி செய்யப்பட்டது. பெற்றோர் அமைப்புகள் பலப்படுத்தப்பட்டன. மது, புகையிலை விளம்பரங்கள் தடுக்கப்பட்டன. சிறுவர் இரவில் வெளியில் நடமாடும் நேரம் வரையறுக்கப்பட்டது. பிள்ளையின் மனத்தை மட்டுமன்றி, பிள்ளையைச் சூழ்ந்த உலகத்தையும் மாற்ற முயன்றமையே இதன் அடிப்படையாகும்.

ஐஸ்லாந்து சிறிய, வளமான நாடு. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் இளைஞர் குடிப்பது குறைந்துள்ளது. ஆகவே அதனை அப்படியே பிரதி செய்யலாமென நாம் கூறவில்லை. ஆனால் அது எழுப்பும் வினா நம்மையும் தொடுகின்றது. நமது மாணவன் பாடசாலை விட்டபின் எங்கே செல்கின்றான்? ஒரு தனியார் வகுப்பிலிருந்து இன்னொரு தனியார் வகுப்புக்கு ஓடுகின்றான். அல்லது அதற்குக் காசில்லாமல் சந்தியில் நிற்கின்றான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி எத்தனையோ குடும்பங்களை உலுக்கிற்று. வேலைதேடித் தாய் வெளிநாடு சென்ற வீட்டிலும், போரில் தந்தையை இழந்த வீட்டிலும், நாட்கூலி நின்றுபோன லயன் அறையிலும் வளரும் பிள்ளைக்கு அன்போடு பேச ஒருவர் வேண்டும். அந்த இடம் வெறுமையாயிருக்கும்போது, முதற்பொட்டலத்தை இலவசமாய்க் கொடுக்கும் வியாபாரி அங்கே "அண்ணன்" ஆகிவிடுகின்றான்.

இங்குதான் ஆசிரியர் முன்னுள்ள பொறுப்பு தெளிவாகின்றது. மாணவனொருவன் பிடிபட்டதும் பாடசாலையின் "நற்பெயர்" காக்கும் பொருட்டு அவனை விலக்கிவிடுவது பல இடங்களிற் காணும் வழக்கம். இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். அவனை நாள்தோறும் காணக்கூடிய பெரியவர்களிடமிருந்து பிரித்து, நாள் முழுவதும் வியாபாரியின் கையில் ஒப்படைக்கின்றோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியாற் கிடைத்த இலவசக் கல்வி, ஏழையின் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை விலக்கப்பட்டால் வேறு பாடசாலையும் மருத்துவரும் கிடைப்பர். ஏழைப் பிள்ளைக்கு அக்கதவொன்றே உண்டு. அதனை அடைப்பது தண்டனை என்னும் பெயரில் நிகழும் வர்க்க அநீதியாகும்.

எனவே நாம் வேண்டுவன சில. பிடிபட்ட மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி அவமானப்படுத்துதல் ஒழிய வேண்டும். அவன் நம்பும் ஆசிரியரொருவர் தனிமையில் அவனோடு பேச வேண்டும்; என்ன பாவித்தான் என்பதோடு, எதனால் பாவித்தான் என்பதையும் கேட்க வேண்டும். பழக்கம் முற்றியிருப்பின் அது மருத்துவம் வேண்டும் நோயெனக் கொண்டு, பெற்றோருடன் சேர்ந்து வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் வழுக்கி விழுதல் இயல்பாக நேரக்கூடியது; அதனை நம்பிக்கைத் துரோகமாகக் கருதலாகாது. அவனது வாங்கும் வகுப்பறைக் கதிரையும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். ஏனைய மாணவருக்கு உண்மையே சொல்லப்பட வேண்டும்: பெரும்பாலான மாணவர் போதைப்பொருளைத் தொடுவதில்லை. "எல்லாரும் கெட்டுவிட்டனர்" என்று ஓயாது முழங்கும் மேடைப் பேச்சு, "எல்லாரும் செய்கின்றனர், நானும் செய்தாலென்ன?" என்னும் எண்ணத்தையே விதைக்கின்றது.

அதே வேளையில், ஆசிரியரின் தோளில் மட்டும் முழுப் பாரத்தையும் சுமத்துவது நியாயமன்று. ஆயிரம் மாணவருக்கு ஓர் ஆலோசகர்கூட இல்லாத இடத்தில் அன்பு மட்டும் போதாது. பாடசாலைதோறும் பயிற்சிபெற்ற ஆலோசகர், ஊர்தோறும் விளையாட்டுத் திடலும் வாசகசாலையும், வறியோருக்கு எட்டும் சிகிச்சை நிலையம் ஆகியவை மதுவரி வருமானத்திலிருந்தே வழங்கப்பட வேண்டும் எனக் கேட்க ஆசிரியர் சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் முழு உரிமையுண்டு. குடியால் திரண்ட பணம் குடியின் காயத்தை ஆற்றப் பயன்படட்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் தவறணை வாசலில் நின்று போராடியோர், குடிப்பவனைத் திருத்தினால் போதுமென எண்ணினர். தவறணையை வைத்திருந்த அமைப்பை முழுமையாக நோக்கவில்லை. இன்று பாடசாலை வாசலில் நிற்கும் நாம் அக்குறையைத் தொடரலாகாது. பொட்டலத்தோடு பிடிபட்ட சிறுவனின் கையைப் பற்றும்போது, அந்தக் கையைத் திருகுவதா, விடாது பிடிப்பதா என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. பொட்டலம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை மேல்நோக்கிக் கேட்போம். கையை விடாது பிடிப்போம்.