டக் ஃப்ளூட்டி: குள்ளம் என்று ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்பேக்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் முரட்டு விளையாட்டு. அதில் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர்தான் குவார்ட்டர்பேக். எதிரே மலை போல நிற்கும் ஆட்களுக்கு மேலாகப் பார்த்து எறிய வேண்டும் என்பதால் ஆறடிக்கு மேல் உயரம் வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

டக் ஃப்ளூட்டியின் உயரம் 5 அடி 10 அங்குலம்!

பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை. 1981-இல் பாஸ்டன் காலேஜ் அவரைச் சேர்த்துக்கொண்டது. (சென்னை லயோலாவைப் போலவே இதுவும் இயேசு சபையினர் நடத்தும் கல்லூரி.) அங்கும் முதலில் பெஞ்சுதான். முதல் வருடத்திலேயே பென் ஸ்டேட் அணியிடம் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில் பாதியில் இறக்கிவிட்டார்கள். அந்த ஆட்டம் தோல்விதான். ஆனால் அதன்பின் அவரை அசைக்க முடியவில்லை.

1984 நவம்பர் 23. எதிரணி முந்தைய ஆண்டு சாம்பியனான மயாமி, அதுவும் அவர்கள் சொந்த மைதானத்தில். மயாமி 45, பாஸ்டன் 41. மீதமிருப்பது 6 விநாடி. கோடு 48 கெஜம் தள்ளி. ஃப்ளூட்டி பின்வாங்கி ஓடி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தார். இந்தக் குள்ளனால் அவ்வளவு தூரம் எறிய முடியாது என்று நினைத்த தடுப்பாளர்கள் முன்னால் நின்றுவிட்டார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே போய், அறைத்தோழர் ஜெரார்ட் ஃபீலனின் கையில் விழுந்தது. 47-45! இப்படிக் கடவுளை நம்பி எறியும் பந்துக்கு ‘ஹெய்ல் மேரி’ என்று பெயர்.

அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்கே. முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் 10,000 கெஜத்துக்கு மேல் எறிந்த முதல் ஆளும் அவர்தான்.

இதில் வணிகவியல் பாடமும் உண்டு. பாஸ்டன் காலேஜுக்கு வந்த விண்ணப்பங்கள் 1984-இல் 16 சதவீதமும் அடுத்த ஆண்டு 12 சதவீதமும் கூடின. விளையாட்டு வெற்றியால் கல்லூரிக்குக் கிடைக்கும் இந்த விளம்பரத்துக்கு ‘ஃப்ளூட்டி எஃபெக்ட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் எழுபதுகளிலிருந்தே அங்கு விண்ணப்பங்கள் ஏறுமுகம்தான். ஒரு பந்து மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை!

இவ்வளவு செய்தும் உயரக் கணக்கு விடவில்லை. 1985 என்.எஃப்.எல். தேர்வில் 11-ஆவது சுற்றில்தான் பெயர் வந்தது. சில ஆண்டுகள் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு 1990-இல் கனடா லீகுக்குப் போனார். எட்டு ஆண்டுகளில் மூன்று கிரே கோப்பைகள், ஆறு முறை சிறந்த வீரர் விருது. 1998-இல் 35 வயதில் பஃபலோ அணிக்குத் திரும்பி, அந்த ஆண்டே ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். 2006 ஜனவரி 1 அன்று, என்.எஃப்.எல்.லில் 1941-க்குப் பிறகு யாரும் அடிக்காத ‘ட்ராப் கிக்’கை அடித்துவிட்டு, அதே ஆண்டு ஓய்வு பெற்றார்.

2008-இல் பாஸ்டன் காலேஜ் அவருக்குச் சிலை வைத்தது. பந்தை எறியும் அந்தக் கோலத்திலேயே. அளவுகோலை வைத்துக்கொண்டு அவரை ஒதுக்கியவர்கள் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?