இல்லாத முகவரிக்கு உரிமையாளர் யார்?

இணைய முகவரியைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து பிழையானால், 'அப்படியொரு முகவரி இல்லை' என்ற பதில் வரும். சிறிய விஷயம்தான். ஆனால் 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, டாட் காம், டாட் நெட் முகவரிகளுக்கு அந்தப் பதில் வராமல் போனது.

அவ்விரு பதிவேடுகளையும் பராமரித்து வந்தது வெரிசைன் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம். பதிவேட்டில் இல்லாத பெயரை யார் கேட்டாலும் 'சைட் ஃபைண்டர்' என்ற தன் சொந்தத் தளத்துக்கு அவரை அனுப்பும்படி அது மாற்றம் செய்தது. அங்கே தேடல் வசதியோடு வருமானம் தரும் விளம்பர இணைப்புகளும் இருந்தன. பிழையாகத் தட்டச்சு செய்பவருக்கு உதவுகிறோம் என்றது நிறுவனம். ஆனால் அதற்கு முன் பொதுமக்களிடம் வெளிப்படையாகக் கருத்துக் கேட்கவில்லை.

பாதிப்பு இணையத் தளங்களோடு நிற்கவில்லை. மின்னஞ்சலும் அதே பெயர்ப் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறது. அனுப்புநரின் முகவரி உண்மையில் உள்ளதா என்று பார்த்துக் குப்பை அஞ்சல்களைத் தடுத்த மென்பொருள்கள் குழம்பின. இல்லாத பெயர்கள் எல்லாம் இருப்பவை போலத் தோன்றியதே காரணம்.

முதலில் எழுந்தவர்கள் பொறியாளர்கள். பெயர் தேடும் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட 'பைண்ட்' மென்பொருளுக்குச் சில நாள்களிலேயே மாற்று வழி வெளியிடப்பட்டது. தொழில்நுட்பத் தரங்களைக் கவனிக்கும் இணையக் கட்டமைப்பு வாரியமும் இதன் ஆபத்துகளை எடுத்துரைத்தது. முகவரி அமைப்பை நிர்வகிக்கும் ஐகேன், சேவையைத் தானாகவே நிறுத்திவைக்கும்படி கேட்டது, வெரிசைன் இணங்கவில்லை. அக்டோபர் 3ஆம் தேதி ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி ஐகேன் கண்டிப்பாக வலியுறுத்திய பிறகே, மறுநாள் சைட் ஃபைண்டர் நிறுத்தப்பட்டது.

வேலியே பயிரை மேய்ந்த கதை அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. 2004 பிப்ரவரியில் ஐகேன் அதிகாரம் மீறுவதாக வெரிசைன் வழக்குத் தொடுத்தது. 2006இல் ஏற்பட்ட சமரசத்தோடு வந்த புதிய ஒப்பந்தம், டாட் காம் பதிவேட்டை வெரிசைனிடமே விட்டதோடு, ஆறு ஆண்டுகளில் நான்கு முறை 7 விழுக்காடு வரை விலை உயர்த்தவும் இடம் தந்தது. அதே சமயம், பதிவேட்டு நிறுவனங்கள் புதிய சேவையைத் தொடங்கும் முன்பே அதைப் பரிசீலிக்கும் நடைமுறையும் பிறந்தது.

கணக்குக் கேட்ட ஐகேனிடம் கணக்குக் கேட்பவர் யார்? 1998இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய இந்த இலாப நோக்கற்ற அமைப்பு, 2016 அக்டோபர் 1 முதல் அமெரிக்க அரசின் ஒப்பந்தக் கண்காணிப்பிலிருந்தும் விடுபட்டது.

2019இல் அதற்கே சோதனை வந்தது. தொண்டு நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் டாட் ஆர்க் முகவரிகளுக்கான விலை வரம்பை, எதிர்ப்புக் கருத்துகள் குவிந்த பிறகும் ஐகேன் நீக்கியது. சில மாதங்களில், தர நிர்ணயப் பணிக்குத் துணை நிற்கும் இணையச் சங்கமே அந்தப் பதிவேட்டு நிறுவனத்தை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 1.1 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேலான விலையில் விற்க முன்வந்தது. தொண்டு அமைப்புகள் குரல் எழுப்பின. கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரியும் அனுமதி தர வேண்டாம் என்று கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30ஆம் தேதி ஐகேன் மறுத்துவிட்டது.

இரண்டு நிகழ்வுகளும் சொல்வது ஒன்றே. பொறுப்புணர்வு எவருடைய நல்லெண்ணத்திலும் இல்லை. எழுத்தில் இருந்த ஒப்பந்தம், வெளியிலிருந்து கவனித்த கண்கள், 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் ஆகியவையே இரண்டு முறையும் காப்பாற்றின. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும், தவறு நடந்ததே பலருக்குத் தெரியாமல் போயிருக்கும்.