முற்றமும் மினெட் டி சில்வாவும்

மேலூர் பக்கம் எங்க தாத்தா வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டலாம்னு முடிவானது போன வருஷம். நாட்டு ஓடு, பனங்கை, நடுவில் மழை விழுற முற்றம். எனக்கு வீடு கட்டுறதைப் பற்றி ஒன்றும் தெரியாது, பொட்டி தட்டுற வேலை. அதனால் மதுரையில் ஒரு ஆர்க்கிடெக்டைப் பிடித்தோம். முப்பது வயசுக்குள் இருக்கும் பெண். முற்றத்தை விட்டுவிடாதீங்க என்றார். அவர் வரைபடத்தை விரித்துச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கொத்தனார் என் முகத்தைப் பார்த்து, "செஞ்சுரலாமா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பெண்கள் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். நம்ம ஊர்க் கட்டட வேலையில் பெண் இல்லாத இடமே இல்லை. ஆனால் காலம் முழுக்கச் சித்தாள்தான். கரண்டி பிடித்த பெண் கொத்தனாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்து மாட்டிக்கொண்ட பெயர்தான் மினெட் டி சில்வா.

1918-ல் கண்டியில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் ஈ. டி சில்வா, அரசியல்வாதி, சிங்களவர். அம்மா ஆக்னஸ் நெல், பறங்கியர் சமூகத்துப் பெண். டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டு நின்றவர்களில் ஆக்னஸும் ஒருவர். 1931-ல் இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது. அந்த வருஷம் மினெட்டுக்கு 13 வயசு. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் 'நான் கட்டடக்கலை படிக்கணும்' என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் இலங்கையில் அப்போது அதற்குப் படிப்பே கிடையாது.

பம்பாய்க்கு வந்தார். அங்கே மிஸ்திரி அண்டு பேட்வார் நிறுவனத்தில் பயிற்சி. அந்த மிஸ்திரி குடும்பத்துப் பெரின்தான் இந்தியாவில் கட்டடக்கலைப் பட்டயம் பெற்ற முதல் பெண், 1936-ல். பிறகு ஜே.ஜே. கலைக் கல்லூரி. காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்துக்குப் போனார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், மாட்டேன் என்றார், வெளியே அனுப்பிவிட்டார்கள். (நானாக இருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன். அரியர் பயம் அப்படி.) அப்புறம் பெங்களூரில் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை, லண்டனில் படிப்பு. 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். லெ கார்பூசியேவுடன் நட்பும் கடிதப் போக்குவரத்தும் கடைசிவரை இருந்தது. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த நட்பில் வந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அவர் ஊருக்குத் திரும்பிச் செய்தது முக்கியமாகப் படுகிறது.

1949-ல் கண்டிக்கு வந்து பெற்றோர் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார். முதல் வேலை கருணாரத்ன வீடு. மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவுக்கு ஏற்றபடி தளங்களை மேலும் கீழுமாக வைத்தார். கான்கிரீட்டும் கண்ணாடியும் உண்டு. கூடவே தும்பரைப் பாய் நெசவு, அரக்கு வேலை, சுட்ட மண் ஓடுகள், சுவரில் ஜார்ஜ் கீட் வரைந்த ஓவியம். கண்டிக் கைவினைக் குடும்பங்களுக்கு வேலை குறைந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய பொருளை ஷோகேஸில் வைக்காமல் கதவிலும் தடுப்பிலும் கொண்டுவந்தார். வெப்பமண்டலத்துக்கான 'நவீன வட்டாரக் கட்டடக்கலை' என்று இதற்கு அவரே பெயர் வைத்தார்.

அடுத்து கொழும்பில் பீரிஸ் வீடு. தூண்கள் மேல் எழுப்பிய நவீன வீடு, உள்ளே 'மெத மிதுல'. சிங்களத்தில் அப்படியென்றால் நடுமுற்றம். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்க ஆர்க்கிடெக்ட் கேட்டதும் இதைத்தானே! சூடான காற்று மேலே ஏறி வெளியேற, சுற்றியுள்ள அறைகளுக்குள் காற்று வரும். மே மாச மதுரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் செய்ததில் பெரியது வட்டபுலுவ என்றுதான் சொல்வேன். 1950களின் பிற்பாதியில் கண்டியில் அரசு ஊழியர்களுக்காகச் சுமார் 250 வீடுகள். சிங்களர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று எல்லோரும் கலந்து குடியேறிய திட்டம். அவர் என்ன செய்தார் தெரியுமா? குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எப்படிச் சமைப்பீர்கள், வீட்டில் யார் யார், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற மாதிரி விஷயங்கள். பதில்களை வகைப்படுத்தி, அதற்கேற்ப வீட்டு மாதிரிகளை வகுத்தார். எங்க தொழிலில் பயனர் ஆய்வு என்று தனியாகச் சம்பளம் கொடுத்துச் செய்கிற வேலை இது!

பிறகு ஏன் இவர் பெயர் நமக்குத் தெரியவில்லை? இலங்கை நவீனக் கட்டடக்கலை என்றாலே ஜெஃப்ரி பாவாதான் நினைவுக்கு வருவார். பாவா மேதை, சந்தேகமில்லை. ஆனால் அவர் படித்துத் தகுதி பெற்றதே 1957-ல். முற்றம், கைவினை, மண்ணுக்கேற்ற வடிவம் என்று மினெட் கட்ட ஆரம்பித்து அதற்குள் ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. பாவாவுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது. மினெட் பெரும்பாலும் தனி ஆள். 1960களுக்குப் பிறகு வேலைகள் குறைந்தன. 70களில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து 80களில் கண்டியில் கலை மையம் கட்டினார். பெண் என்பதால் தன் வேலையை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் 1996-ல் தங்கப் பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு 78 வயசு. 1998 நவம்பரில் இறந்தார். அவருடைய தன்வரலாறும் அதே வருஷம்தான் வெளிவந்தது. தலைப்பிலேயே 'ஆசிய', 'பெண்', 'கட்டடக் கலைஞர்' மூன்றையும் சேர்த்து வைத்திருந்தார். உலகம் முதல் இரண்டை வைத்தே அவரை எடைபோட்டது. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்குப் போனேன். முற்றத்துக்குக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள், பத்தடிக்கு எட்டடி. கொத்தனார் தலையைச் சொறிந்தபடி வந்தார். "சார், மழைத்தண்ணி உள்ள வரும். மேல தளம் போட்டு மூடிரலாமா?"

"மேடம் அங்கே நிக்கிறாங்க, அவங்களைக் கேளுங்கண்ணே" என்றேன். அவர் போனார். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனை நோண்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.